நகம் கண்டுபிடிக்காத சொரசொரப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரைக்கும் மட்டுமே படித்தவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து கதைக்கவும் கூச்சப்படுகிறவள். பல்லின் மேல் மூடிபோல் மாட்டுகிற கிரவுனைச் செய்யும் பிள்ளைகள் சேர்ந்து வெளியிடுகிற இந்த மலருக்கு எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் நினைக்கவில்லை. இருந்தும் நான் முன்பு வேலை செய்த பல் லாபுக்குப் போன மாதம் ஒரு தரம் போனபோது, அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று கேட்டது: "அக்கா, சிர்க்கோனியா கிரவுனை மெசினே வெட்டித் தருது. மேல கிளேஸ் அடிச்சா கண்ணாடி மாதிரி மினுங்குது. பிறகு ஏன் அரை மணித்தியாலம் பொலிஷ் போட்டு மினக்கெடுறீங்கள்?"

அந்தக் கேள்வி வீடு வரைக்கும் என்னோடு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் லாப். இருபத்தாறு வருடம் அங்கே வேலை செய்தேன். முதல் இரண்டு வருடம் பிளாஸ்டர் கரைத்து அச்சில் ஊற்றினேன். பிறகு மெழுகு, பிறகு உலோகம், பிறகு போர்சலின் என்கிற பீங்கான். கடைசியில் சிர்க்கோனியா என்கிற கல் போன்ற வெள்ளைப் பொருள் வந்தது. போன வருடம் கண் சரியில்லை என்று நின்றுவிட்டேன். இதற்கு மேல் படிப்பு என்று எதுவும் என்னிடம் இல்லை.

லாப் சொந்தக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். யாரையும் அவர் ஏசி நான் கேட்டதில்லை. பிழையான கிரவுன் ஒன்றைக் கண்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அதைத் தட்டில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விடுவார். அவ்வளவுதான். கவிழ்ந்த கிரவுன் இருக்கிற தட்டோடு நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டும். எங்களோடு வேலை செய்த ஸ்டெல்லா சொல்லுவாள், "இந்த மனுசன் ரெண்டு அறை தந்தாலும் தாங்கலாம்" என்று.

கிரவுனைச் சோதிக்க மாஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த ஒவ்வொரு கிரவுனையும் எடுத்து, கடிக்கிற பக்கத்தைத் தன் இடது கைப் பெருவிரல் நகத்தில் நாலு தரம் தேய்ப்பார். பிறகு விளக்குக்குக் கீழே நகத்தைப் பிடித்துப் பார்ப்பார். நகத்தில் வெள்ளைத் தூள் கண்டால் கிரவுன் கவிழும். தூள் இல்லாவிட்டால், "நகம் தப்பிச்சுது" என்று சொல்லிப் பெட்டியில் போடுவார். இருபது, முப்பது வருடத் தேய்ப்பில் அந்த நகம் நடுவில் தட்டையாகிவிட்டது. "மாஸ்டர்ட நகத்துக்குத் தனியாச் சம்பளம் குடுக்கணும்" என்பாள் ஸ்டெல்லா.

அந்தச் சோதனைக்குக் காரணம் இருந்தது. கிரவுனுக்கு எதிரே இருப்பது அந்த மனிதரின் சொந்தப் பல். தங்கத்தில் செய்த காலத்தில் பயம் குறைவு, தங்கம் பல்லோடு சேர்ந்து தானும் கொஞ்சம் தேயும். போர்சலின் அப்படி இல்லை. சிர்க்கோனியா அதைவிடக் கடினம். கடினமாக இருப்பதால்தான் அது எதிர்ப் பல்லைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நன்றாகப் பொலிஷ் போட்ட சிர்க்கோனியா எதிர்ப் பல்லுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வழுக்கிக்கொண்டு போகும். பல்லைத் தின்பது சொரசொரப்பு. அந்தக் கடினத்தில் சொரசொரப்பும் சேர்ந்தால் அது அரம்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு பல் டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். எங்களுக்குப் பழைய வாடிக்கை. நிறம் பிடிபடாத பல் என்றால் என்னை நேரிலே வரச்சொல்லுவார். அப்படி ஒருநாள் போனபோதுதான் ரிஸ்வி நானாவைச் சந்தித்தேன். நானா என்றால் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறை. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தெஹிவளையில் வீடு. தேயிலைக் கம்பனி ஒன்றில் ருசி பார்ப்பவர். காலையில் வரிசையாகக் கோப்பைகள் வைத்திருப்பார்களாம். கரண்டியால் அள்ளிச் 'சர்' என்று உறிஞ்சி, வாய் முழுவதும் அடிக்கவிட்டுத் துப்ப வேண்டுமாம். அதை அவர் பல் பார்க்கிற கதிரையில் சாய்ந்து படுத்தபடியே எனக்குச் செய்து காட்டினார். மேல் வலது பக்கக் கடைவாய்ப் பல்லுக்குத்தான் கிரவுன்.

நிறப் பட்டியலை அவர் பல்லோடு நான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, வெள்ளையாப் போட்டுடாதீங்கொ" என்றார். "தேத்தண்ணிக் கறையோட செஞ்சு தாங்கொ. இல்லாட்டி கம்பனியில, இவன் வேற எவன்டயோ வாயக் கொண்டு வந்து ருசி பாக்கிறான்னு சொல்லுவானுகள்."

நான் சிரித்துவிட்டேன். வேலை இடத்தில் நான் அப்படிச் சத்தமாகச் சிரிப்பது அபூர்வம்.

கரண்ட் மணிக்கணக்காக நிறுத்தப்பட்ட வருடம் அது. எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு நிற்கும் என்று பட்டியல் வரும். லாபில் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். கிளேஸ் சுடுகிற ஃபேனஸை மாஸ்டர், பாண் ரொட்டி சுடும் பேக்கரி அடுப்பைச் சொல்வது போல, போறணை என்பார். "பாண் வெந்துட்டுதா பிள்ளை?" என்று கேட்பார். அந்தப் போறணை நடுவில் நின்றால் உள்ளே இருக்கிற வேலை பழுது.

ரிஸ்வி நானாவின் கிரவுனை வாயில் வைத்துப் பார்த்த டொக்டர், உயரம் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினார். மத்தியானம் ஆட்டோக்காரர் கொண்டுவந்து தந்தார். கடிக்கிற பக்கத்தில், கடிக்க வைத்துப் பார்க்கும் நீலத்தாளின் அடையாளம் மூன்று புள்ளியாக இருந்தது. அன்று பின்னேரமே அதை ஒட்ட வேண்டும் என்று டொக்டர் குறிப்பு எழுதியிருந்தார். நீலப் புள்ளிகளை டயமண்ட் பர் என்கிற அரைக்கும் முனையால் அரைத்தேன். அரைத்த இடம் வெளுத்துச் சொரசொரத்து நின்றது. மேலே பூசிய கறை நிறமும் போய்விட்டது.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும். பொலிஷ் சக்கரங்களில் முதலில் பச்சை ரப்பர் சில்லு, பிறகு சாம்பல், பிறகு மஞ்சள். ஒன்று போட்ட கீறலை அடுத்தது எடுக்கும். ஒன்றைத் தாண்டிப் போனால் கீறல் உள்ளே நின்றுவிடும். அதன் பிறகு ஆட்டு மயிர் பிரஷில் டயமண்ட் பேஸ்ட். பூதக்கண்ணாடியில் பார்த்து ஒரு கீறலும் இல்லையென்றால்தான் நிறம், கிளேஸ், போறணை. மாஸ்டர் சொல்லுவார், "கிளேஸ் எண்டது பவுடர் மாதிரி. முகம் கழுவாமப் பூசக்கூடாது."

சுவர்ப் பட்டியலைப் பார்த்தேன். கரண்ட் நிற்க நாற்பது நிமிடம் இருந்தது. போறணைக்கு மட்டும் முப்பத்தைந்து நிமிடம் தேவை.

பொலிஷை மட்டும் போட்டு, நிறமும் கிளேஸும் இல்லாமல் அனுப்பியிருக்கலாம். பல்லுக்கு அதுதான் நல்லது. இன்றைக்கு அது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கும் தெரியும். ஆனால் மூன்று புள்ளியும் வெள்ளையாகத் தெரியும், மாஸ்டர் ஏனென்று பார்ப்பார், கிரவுன் கவிழும் என்று பயந்தேன். அரைத்த சொரசொரப்பின் மேலேயே நிறத்தைத் தொட்டேன். கிளேஸ் பூசினேன். போறணைக்குள் வைத்தேன்.

வெளியே எடுத்தபோது அது மினுங்கியது. நான் செய்தவற்றில் அழகான கிரவுன்களில் அதுவும் ஒன்று. மாஸ்டர் அதை எடுத்து நகத்தில் நாலு தரம் தேய்த்தார். கிளேஸ் கண்ணாடிபோல வழுக்கியது. தூள் இல்லை.

"நகம் தப்பிச்சுது" என்று சொல்லிப் பெட்டியில் போட்டார். ஆட்டோ புறப்பட்டது. கரண்டும் நின்றது.

இருட்டிய அறையில் ஸ்டெல்லா, "கரெக்டா முடிச்சிட்டாய்" என்றாள். மாஸ்டரின் நகத்துக்குக் கிளேஸ் மட்டும்தான் தெரியும், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. இருபது வருடத்துக்கு மேலாக நான் நம்பியிருந்த சோதனையை ஏமாற்ற இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். அன்றுதான் முதல் முறை.

கிளேஸ் மெல்லிய பூச்சு. கடிக்கிற இடத்தில் சில மாதத்தில் போய்விடும். அன்றிலிருந்து எனக்கு அது ஒரு கணக்காகவே ஆகிவிட்டது. இப்போது போயிருக்கும். இப்போது அரைக்கத் தொடங்கியிருக்கும். பஸ்ஸில் யாராவது முறுக்கு கடித்தால் காதைப் பொத்த வேண்டும் போல இருக்கும். வீட்டில் என் கணவர் பிட்டோடு பொரித்த மிளகாயை மெல்லும்போது எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். "உனக்கு என்ன நடந்தது? நான் சாப்பிடுறது பிடிக்கேல்லையா?" என்று ஒருநாள் கேட்டார். பல் வலி என்று பொய் சொன்னேன். லாபில் போன் அடித்தால், ஸ்டெல்லா அதை எடுத்து "ஓம், ஓம்" என்று கதைத்து முடிக்கும் வரை என் கை வேலை செய்யாது.

ஒன்றரை வருடம் போனது.

ஒருநாள் காலை வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மேல் அச்சு, கீழ் அச்சு. குறிப்பில் டொக்டரின் எழுத்து: நோயாளி நித்திரையில் பல் கடிப்பவர் போல் தெரிகிறது. கீழ் வலது கடைவாய்ப் பல் தேய்ந்து சூடு படும்போது கடும் கூச்சம். இரவில் பல்லில் மாட்ட ஒரு பிளேட் செய்யவும், இன்று பின்னேரம் வருவார். அடுத்த கிழமை கீழ்ப் பல்லுக்கும் கிரவுன் வைக்க அரைக்கப் போகிறேன். கீழே ரிஸ்வி நானாவின் பெயர்.

பிளாஸ்டரை நானே கரைத்து ஊற்றினேன். அது காயும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அச்சைக் கழற்றியபோது கீழ்ப் பல்லின் மேட்டில் ஒரு குழி தெரிந்தது. விரல் நுனி வைத்து அழுத்தியது போல. குழியின் ஓரம் கூராக நின்றது.

இப்படி அச்சில் ஊற்றிய பழைய பிளாஸ்டர் மொடல்களை லாபில் பெட்டி பெட்டியாக வைத்திருப்போம். அவருடைய பெட்டியைத் தேடி எடுத்தேன். பழைய கீழ் மொடலில் அந்தப் பல் முழுசாக, நாலு மேடும் நிமிர்ந்து இருந்தது. புதிய மொடலில் மேலையும் கீழையும் சேர்த்துக் கடிக்க வைத்தேன். குழி போய் நின்ற இடம் நான் அரைத்த முதல் புள்ளி. அவருடைய மற்றப் பல் எதுவும் தேயவில்லை. நித்திரையில் பல் கடிப்பவராக இருந்தால் எல்லாம் தேய்ந்திருக்க வேண்டும்.

நான் வாய் திறக்காவிட்டால் நடக்கப் போவதும் எனக்கு விளங்கியது. குற்றம் இல்லாத ஒரு பல்லைச் சுற்றிவர அரைத்துக் குச்சியாக்கிவிடுவார்கள். அரைத்த பல்லை எந்த லாபாலும் திருப்பித் தர முடியாது. அவர் தன் நித்திரைதான் குற்றம் என்று நம்பிக்கொண்டிருப்பார். என் சொரசொரப்பு மேலே அப்படியே இருக்கும்.

மத்தியானம் வரைக்கும் அந்த மொடல்களை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு வேறு வேலை செய்தேன். சாப்பாட்டுப் பொதியைத் திறந்து பார்த்து மூடினேன். பிறகு மாஸ்டரின் மேசைக்குப் போய் இரண்டு மொடலையும் வைத்தேன்.

"அண்டைக்குப் பொலிஷ் போடாமக் கிளேஸ் அடிச்சனான், மாஸ்டர். கரண்ட் போகப் போகுது எண்டு."

அவர் மொடல்களைக் கையில் எடுத்துக் கடிக்க வைத்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடியும் கடிக்க வைத்தார். பிறகு தன் பெருவிரல் நகத்தைப் பார்த்தார்.

"ஏன் சொல்லேல்ல?"

"பயம்."

"என்னிலயா?"

தலையாட்டினேன்.

"நான் எப்பவாவது உன்னை ஏசினனானா பிள்ளை?"

"இல்ல, மாஸ்டர்."

"அப்ப?"

தட்டில் கவிழும் கிரவுனைப் பற்றி எப்படிச் சொல்வது? அவர் மொடல்களை மேசையில் வைத்தார், கவிழ்க்காமல்.

"நான் நகத்தைப் பாத்தன். உன்ர முகத்தைப் பாக்கேல்ல" என்றார். "பின்னேரம் அந்த மனுசன் அங்க வருவார். நீ போய்ச் சொல்லு. நான் வரேல்ல. நான் வந்தா டொக்டர் என்னோடதான் கதைப்பா, நீ எனக்குப் பின்னால நிப்பாய்."

மொடல்களைப் பிஸ்கட் டின் ஒன்றில் பஞ்சு வைத்து அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். அங்கே கொஞ்ச நேரம் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய், டொக்டர் இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பம்பலப்பிட்டி தாண்டும்போதும் யோசித்தேன்.

ரிஸ்வி நானா ஏற்கெனவே கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார்.

"ஆ, தங்கச்சி! ஒங்கட கிரவுனுக்கு ஒன்னும் இல்ல. கீழ உள்ள நம்மட பல்லுதான் நாசமாப் போச்சு. சூடு பட்டா மண்டைக்குள்ள ஏறுது. ஒரு மாசமா என்னை மேசையில எழுத்து வேலைக்குப் போட்டு ஈக்கிறாங்க. எண்ட எடத்துல வேற ஒருத்தன் நிண்டு உறிஞ்சுறான்." பிறகு சிரிக்கப் பார்த்தார். "நித்திரையில பல்லு கடிக்கிறேனாம். பொஞ்சாதி சொல்றா, கொறட்டை மட்டும்தான், பல்லு சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லன்னு."

டொக்டரின் பக்கம் திரும்பினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர், "என்ன? வடிவாச் சொல்லுங்கோ" என்றார். மறுபடியும் சொன்னேன். பொலிஷ் போடவில்லை என்றேன். கிளேஸ் போயிருக்கும் என்றேன். கிரவுனை உலரவைத்து அதன் மேல் பென்சிலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். வழுவழுப்பான இடத்தில் பென்சில் பிடிக்காது.

டொக்டர் காற்றடித்து உலர்த்தினார். புதுப் பென்சில் ஒன்றைத் துடைத்து எடுத்துத் தேய்த்தார். பஞ்சால் ஒரு தரம் ஒற்றினார். பிறகு சின்னக் கண்ணாடியை உள்ளே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார்.

கிரவுன் முழுவதும் சுத்தமாக இருந்தது. மூன்று இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியது கீழ்க் குழிக்கு நேர் மேலே.

"கடவுளே, இந்தப் பல்லை நான் வாற கிழமை அரைச்சிருப்பன்" என்றார் டொக்டர்.

பிறகு வாயிலேயே பொலிஷ் போட்டார். சில்லுகளை எந்த ஒழுங்கில் எடுப்பது என்று என்னிடம் கேட்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு பென்சில் தேய்த்துப் பார்த்தோம். மூன்றாவது சில்லுக்குப் பிறகு ஒரு புள்ளி மிஞ்சியிருந்தது. முதல் சில்லிலிருந்து திரும்பத் தொடங்கினோம். பேஸ்ட் போட்டு முடித்தபோது பென்சில் ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை. கீழ்ப் பல்லை அரைக்காமல் குழியை மட்டும் நிரப்பினார். நரம்பு தப்பியிருக்கிறது, கூச்சம் குறைய சில கிழமை எடுக்கும் என்றார்.

ரிஸ்வி நானா எழுந்து உட்கார்ந்து வாயைக் கொப்பளித்தார். நாக்கை மேலே விட்டுத் தடவிப் பார்த்தார். அது அவருடைய தொழில், அவருடைய நாக்குக்குத் தெரியும்.

"நீங்கதான் செஞ்சதா தங்கச்சி?"

"ஓம், நானா. நான்தான்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லது. அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. ஒரு கோப்பைத் தேத்தண்ணியைத் துப்பிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறவர் போலக் கேட்டார்.

"கரண்ட் ஒரு நாள் மட்டும் போகலியே. இன்னும் எத்தன பேர்ட வாயில இப்பிடி ஈக்கிது?"

மாஸ்டர் அதைக் கேட்கவில்லை. டொக்டரும் கேட்கவில்லை. டொக்டர் கையுறையைக் கழற்றியபடி என் பக்கம் திரும்பினார். எனக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு பெயரும் எனக்குப் பாடம்.

"பதினொண்டு" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாபுக்குப் போனேன். மாஸ்டர் எனக்கு முதலே வந்து பதிவுக் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார். நான் பெயர்களைச் சொன்னேன், ஸ்டெல்லா பெட்டிகளை இறக்கினாள். ஒன்பது பேரின் டொக்டர்மாரோடு போனில் கதைத்தேன். மிச்ச இரண்டு பேரில் ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். மற்றவருடைய பெயருக்கு நேரே இருந்த நம்பர் வேலை செய்யவில்லை.